விந்தணு அறிக்கையில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் வந்த குழந்தைப்பேறு கட்டுரை, விந்தணுவின் தலை மட்டுமே முட்டைக்குள் நுழையும், வால் வெளியிலேயே கழன்றுவிடும் என்கிறது. மனிதரில் அப்படியில்லை. வாலும் சேர்ந்தேதான் உள்ளே போகிறது, பிறகுதான் சிதைகிறது. நடுப்பகுதியைச் சுருளாகச் சுற்றியிருக்கும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் முட்டை அழித்துவிடும். உட்கருவோடு, கழுத்திலுள்ள சென்ட்ரியோல் என்ற நுண்ணிய உறுப்பும் தப்பிக்கிறது. முட்டையிடம் அது இல்லை. கரு முதன்முதலாக இரண்டாகப் பிரிய அது வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, விந்தணு எண்ணிக்கை இருந்தால் போதும் என்ற அக்கட்டுரையின் தொனி. தலையின் முன்பக்கத்தில் அக்ரோசோம் என்ற பை தொப்பிபோல் கவிந்திருக்கிறது. நல்ல விந்தணுவில் தலைப்பரப்பின் 40 முதல் 70 விழுக்காடு அதுதான். அது திறந்து நொதிகள் வெளிப்பட்டு, வாலும் வேகமாக வீசினால்தான் முட்டையின் தடித்த உறையைத் தாண்ட முடியும். திறந்த பிறகே இசுமோ1 என்ற புரதம் வெளிப்பட்டு, முட்டையின் மேலுள்ள ஜூனோ புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சிலருக்கு எல்லா விந்தணுக்களும் அக்ரோசோம் இல்லாமல் உருண்டைத் தலையோடு இருக்கும். எண்ணிக்கை கோடிகளில் இருந்தாலும் இயற்கையாகக் கரு தங்காது. 1992இல் அறிவிக்கப்பட்ட இக்சி முறையில் ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தலாம். ஆனால் முட்டையைக் கருவாக வளரத் தூண்டும் பிஎல்சி சீட்டா புரதமும் இந்த உருண்டைத் தலை விந்தணுக்களில் குறைவு என்பதால், முட்டைக்குள் கால்சியத்தைக் கூட்டும் கால்சியம் அயனோஃபோர் கரைசலில் முட்டையை வைத்துத் தூண்ட வேண்டியிருக்கும்.

‘இயல்பான வடிவம் 4 விழுக்காடு’ என்று அறிக்கையில் கண்டதும், மீதி 96ம் பழுதா என்று இடிந்துபோகிறவர்கள் பலர். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் 4தான் கீழ் எல்லை. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம் அளந்து வகுத்த எல்லை அது. அதேபோல் செறிவுக்குக் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 16 மில்லியன்; முன்னோக்கி நீந்துபவைக்கு 30 விழுக்காடு.

விந்து மாதிரி கொடுப்பதிலேயே பாதிக் குழப்பம். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். எச்சில், லூப்ரிகன்ட், சாதாரண ஆணுறை கூடாது. முதல் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டோடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தால் வாலின் அசைவு கெட்டுவிடும். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் பினாங்குப் பாலத்து நெரிசலை நம்பாமல் ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. போன மாதத்துக் காய்ச்சல்கூட இந்த மாத அறிக்கையில் தெரியும். அதனால் மறுசோதனைக்கு மூன்று மாதம் விடுங்கள். (அதுவரை மனைவியை மட்டும் ஸ்கேன், ஸ்கேன் என்று அலையவிடுவது நியாயமில்லை.) ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். விந்தணு உற்பத்திக்காக மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளையையே அந்த ஊசி அடக்கிவிடும். விந்தணு அடியோடு நின்றும் போகலாம், திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும்.

கருத்தரிப்பு ஆய்வகப் பணியாளர்கள் இருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு