ஒப்பந்தங்களில் 'வேண்டும்' என்ற சொல் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் 'சிறந்த நடைமுறைகள்' என்ற பகுதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருத்தோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பந்த வரைவுகளோடு காலம் தள்ளுபவன் என்ற முறையில், சிக்கல் முழுவதும் அந்த 'எப்படி'யில்தான் இருக்கிறது என்பேன்.

நான் வரைந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நிறுவனத்தின் ஆவணங்களை இன்னொரு நிறுவனம் தன் கணினிகளில் வைத்துப் பராமரிப்பதற்கான ஒப்பந்தம் அது. "தரவுகளின் காப்பு நகல்கள் துறையில் ஏற்கப்பட்ட சிறந்த நடைமுறைகளின்படி எடுக்கப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். இரு தரப்பும் வாசித்துத் தலையசைத்துக் கையெழுத்திட்டன. மூன்றாம் ஆண்டில் சேமிப்புக் கருவி பழுதானபோது காப்பு நகல்கள் இருக்கத்தான் செய்தன. தேதிவாரியாக, ஒரு நாள்கூட விடாமல் இருந்தன. திறந்து பார்த்தால் கடைசி ஐந்து மாத நகல்களில் ஒன்றும் திறக்கவில்லை. எடுத்த நகலை மீட்டெடுத்துச் சோதித்துப் பார்க்கும் வழக்கமே அங்கு இருந்ததில்லை. அதன்பின் நடந்த கூட்டத்தில் இரு தரப்பு மேலாளர்களும் என் எதிரே ஒப்பந்தத்தின் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவர் 'எடுக்கப்பட வேண்டும்' என்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார். மற்றவர் 'சிறந்த நடைமுறைகள்' என்பதை வட்டமிட்டிருந்தார். கட்டளை என்றார் முன்னவர். நடைமுறை என்றாலே பரிந்துரைதானே என்றார் பின்னவர். என் வரி இருவருக்கும் இடம் கொடுத்திருந்தது.

தமிழில் 'வேண்டும்' என்பது பெரும் பாரம் சுமக்கும் சொல். 'வரி கட்ட வேண்டும்' என்பதில் அது கட்டளை. 'உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பதில் அக்கறை. 'மழை பெய்ய வேண்டும்' என்பதில் வெறும் விருப்பம். பேச்சில் தொனி நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. கையெழுத்திட்ட தாளில் தொனி கிடையாது. ஆகவே, கடமைக்கு ஒரு வாய்பாடு, பரிந்துரைக்கு ஒரு வாய்பாடு, அனுமதிக்கு ஒரு வாய்பாடு என்று தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டு, பிறகு ஓரிடத்தில்கூட அவற்றை மாற்றாமல் எழுதுவதே முதல் வேலை. நான் இப்போது கடமைக்குச் 'செய்தாக வேண்டும்' என்றும், பரிந்துரைக்குச் 'செய்யுமாறு பரிந்துரைக்கப்படுகிறது' என்றும், விருப்பத்துக்கு விடப்பட்டதற்குச் 'செய்யலாம்' என்றும் மட்டுமே எழுதுகிறேன். தனி 'வேண்டும்' என் வரைவுகளில் வருவதில்லை. நடை சற்று வறண்டு போகிறது என்பது உண்மைதான். ஒப்பந்தத்தை யாரும் இலக்கிய நயத்துக்காகப் படிப்பதில்லை.

இது நான் கண்டுபிடித்த வழி அன்று. இணைய நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர்கள் 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறு ஆவணத்தில் இதையேதான் செய்தார்கள். கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கட்டுப்படுத்தும் என்று அதில் வரையறுத்தார்கள். பரிந்துரைக்கு அவர்கள் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: குறிப்பிட்ட சூழலில் அதைக் கைவிடத் தக்க காரணம் இருக்கலாம், ஆனால் விளைவுகளை முழுமையாக உணர்ந்து எடைபோட்ட பிறகே கைவிட வேண்டும். தர நிர்ணயத்துக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் தன் ஆவணங்களை எழுதுவோருக்கு இத்தகைய சொல்வரையறையையே விதித்திருக்கிறது. 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8174, அந்தச் சொற்கள் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டால் மட்டுமே வரையறுத்த பொருளைத் தரும் என்று தெளிவுபடுத்தியது. நமக்கு அந்த வசதி இல்லை. தமிழில் ஏது பெரிய எழுத்து? வினைமுற்றிலேயே வேறுபாட்டைக் காட்டியாக வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

'வேண்டும்' ஒருபுறம் இருக்க, 'படும்' இன்னொரு தொல்லை. 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'அறிக்கை அளிக்கப்படும்', 'ஆய்வு மேற்கொள்ளப்படும்' என்றெல்லாம் நம் அலுவலகத் தமிழ் எழுவாயைத் தொலைத்துவிட்டு நடப்பதில் தேர்ந்தது. யார் எடுப்பார், யார் அளிப்பார் என்று வாக்கியம் சொல்வதில்லை. சொல்லாததை இரு தரப்பும் அடுத்தவர் கடமை என்று நம்பிக்கொள்ளும். மேலே சொன்ன என் வரியிலும் 'எடுக்கப்பட வேண்டும்' என்றுதான் இருந்தது. பின்னர் அதை இப்படி மாற்றினோம்: "சேவை வழங்கும் தரப்பின் பொறுப்பு அலுவலர், ஒவ்வொரு காலாண்டின் முதல் வாரத்திலும் ஏதேனும் ஒரு காப்பு நகலை முழுமையாக மீட்டெடுத்துச் சோதித்து, அதன் அறிக்கையைப் பத்து நாள்களுக்குள் சேவை பெறும் தரப்பின் பொறுப்பு அலுவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும்." வரி நீண்டுவிட்டது. ஆனால் யார், எதை, எப்போது, யாரிடம் என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது. 'சிறந்த' என்ற சொல்லோ எங்கும் இல்லை.

விடை எழுதப்பட்டிருந்தாலும் போதாது, அதை ஒருவர் சரிபார்த்தாக வேண்டும் என்பதற்குச் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலமே சான்று. 1998 டிசம்பரில் ஏவப்பட்ட அந்தக் கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை எட்டிய வேளையில் தொலைந்துபோனது. உந்துபொறிகளின் கணத்தாக்கை, அதாவது விசையையும் அது செயல்பட்ட நேரத்தையும் பெருக்கிய அளவை, நியூட்டன்-நொடி அலகில் தர வேண்டும் என்று நாசாவுக்கும் கலத்தை உருவாக்கிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கும் இடையிலான இடைமுக ஆவணத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்நிறுவனத்தின் தரைநிலைய மென்பொருள் பவுண்டு விசை-நொடியில் எண்களைத் தந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. மாதக்கணக்கில் அந்த எண்கள் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆவணத்தோடு ஒப்பிட்டு யாரும் நிறுத்தவில்லை. ஆகவே நடைமுறை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, அது பின்பற்றப்படுவதற்கு எது சான்று, அந்தச் சான்றைப் பார்ப்பவர் யார் என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

கடமையாக்க முடியாதவையும் இருக்கும். எல்லாவற்றையும் கட்டளையாக்கினால் எந்தத் தரப்பும் கையெழுத்திடாது. பரிந்துரை என்றால் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்குப் பிரிட்டனில் 1992-இல் வெளியான கேட்பரி குழு அறிக்கையைச் சுட்டிக்காட்டுவேன். நிறுவன ஆளுகைக்கான சிறந்த நடைமுறைகளைத் தொகுத்துத் தந்த அந்தக் குழு, அவற்றைச் சட்டமாக்கச் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்றுகின்றனவா என்று அறிவிக்கட்டும், பின்பற்றாத இடத்தில் காரணம் சொல்லட்டும் என்றது. 'பின்பற்று, இல்லையேல் விளக்கு' என்ற இந்த முறையை இரு நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்குள்ளும் எளிதாகக் கொண்டுவரலாம். பரிந்துரையிலிருந்து விலகும் தரப்பு அதற்கான காரணத்தை எழுத்தில், இத்தனை நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்ற ஒரே ஒரு கடமையைச் சேர்த்தால் போதும். விலகுவதற்குத் தடை இல்லை. சொல்லாமல் விலகுவதற்குத்தான் தடை. என் அனுபவத்தில், காரணத்தை எழுதி அனுப்ப வேண்டுமே என்ற சோம்பலிலேயே பாதிப் பேர் பரிந்துரையைப் பின்பற்றிவிடுகிறார்கள்.

இதே போன்ற நுட்பம் 'முயற்சி' என்ற சொல்லிலும் இருக்கிறது. தனியார் சட்டங்களை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பான யுனிட்ராய், வணிக ஒப்பந்தங்களுக்காக வகுத்த கோட்பாடுகள், குறிப்பிட்ட விளைவை எட்டியாக வேண்டிய கடமை வேறு, இயன்ற முயற்சி அனைத்தையும் செய்யும் கடமை வேறு என்று 5.1.4-ஆம் பிரிவில் பிரிக்கின்றன. எந்த வரி எந்த வகை என்று எழுதும்போதே முடிவு செய்யாவிட்டால், அதைத் தகராறு தீர்ப்பவர் பின்னால் முடிவு செய்வார்.

வெளித் தரங்களைச் சுட்டும் இடத்தில் பதிப்பின் ஆண்டை விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. இன்கோடெர்ம்ஸ் எனப்படும் வணிக விதிகளில், சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே ஏற்பதைக் குறிக்கும் 'சி.ஐ.பி.' என்ற மூன்றெழுத்து 2010 பதிப்பில் விற்பவர் குறைந்தபட்சக் காப்பீடு எடுத்தால் போதும் என்றது. 2020 பதிப்பில் அதே மூன்றெழுத்துக்கு விரிவான காப்பீடு என்று பொருள். தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 தரத்தின் 2013 பதிப்பின் பின்னிணைப்பில் 114 கட்டுப்பாடுகள் இருந்தன. 2022 பதிப்பில் அவை 93 ஆக மாற்றியமைக்கப்பட்டன. பெயரை மட்டும் எழுதி ஆண்டை விட்டால் எந்தப் பட்டியலைச் சொல்கிறோம்? 'அவ்வப்போது திருத்தப்பட்டவாறு' என்று சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படிச் சேர்த்தால், நம் மேசையிலேயே இல்லாத மூன்றாவது அமைப்பு ஒன்று நம் கடமைகளைத் தன் போக்கில் மாற்றிக்கொண்டே போகும். பதிப்பைக் குறிப்பிட்டு, புதிய பதிப்பு வந்தால் இத்தனை நாள்களுக்குள் இரு தரப்பும் அமர்ந்து பேசி ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் என்று எழுதுவதே என் வழக்கம். மாறக்கூடிய இத்தகைய நடைமுறைகளை மைய உரையில் வைக்காமல் இணைப்பில் வைத்தால், திருத்தம் எளிதாகும். மைய உரைக்கும் இணைப்புக்கும் முரண் வந்தால் எது மேலோங்கும் என்று ஒரு வரி மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதாத நடைமுறையும் கட்டுப்படுத்தக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. பன்னாட்டுப் பொருள் விற்பனை ஒப்பந்தங்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, தரப்பினர் தமக்குள் நிலைநாட்டிக்கொண்ட வழக்கங்களும் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்கிறது. தாமதமாக வரும் அறிக்கையை இரண்டு ஆண்டுகள் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டவர், மூன்றாம் ஆண்டில் திடீரென்று தேதியைக் காட்டிச் சண்டையிட்டால் எடுபடுமா என்பது ஐயமே. தளர்வு கொடுக்கும்போதெல்லாம் 'இம்முறை மட்டும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

இரு மொழிகளில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த மொழி வடிவம் மேலோங்கும் என்று குறிப்பிடாதபோது, சமநிலை கொண்ட வடிவங்களுக்குள் முரண் வந்தால், முதலில் எந்த மொழியில் வரையப்பட்டதோ அதற்கே முன்னுரிமை என்பது யுனிட்ராய் கோட்பாடுகளின் 4.7-ஆம் பிரிவு. தமிழ் வடிவம் கடைசி நாளில் அவசரமாக மொழிபெயர்த்துச் சேர்க்கப்படும் நிலை நீடிக்கும் வரை, அதன் 'வேண்டும்'களை யாரும் கவனித்துப் படிக்கப்போவதில்லை.

நிறைவாகத் தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு நிறுவனங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன என்ற செய்தியைக் கைகுலுக்கும் படத்தோடு வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை, அதில் கடமைகள் எத்தனை, பரிந்துரைகள் எத்தனை, எந்தத் தேதிக்குள் யார் எதைச் செய்வதாக ஏற்றிருக்கிறார் என்று அவர்களிடம் கேட்டு, கிடைத்த பதிலையும் படத்துக்குக் கீழே அச்சிடுவீர்களா?

இப்படிக்கு,
ஒப்பந்த வரைவுப் பணியில் உள்ள ஒரு வாசகர்