தாலினில் ஒரு பச்சைக் கதவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சனி, ஞாயிறு அக்கா எங்களைத் தாலினுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஹெல்சின்கியில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் எஸ்தோனியா. மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பாவின் முழங்கால் வலி மட்டும் தவறாமல் கூடவே வந்தது.

பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெருக்கள், அதிலும் ஏற்ற இறக்கம். அப்பா வந்த கொஞ்ச நேரத்திலேயே உட்கார இடம் தேட ஆரம்பித்துவிட்டார். நகரமன்றச் சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு வருகிறதாம். புர்கார்ட் என்ற ஒரே குடும்பத்தார் 300 ஆண்டுகளுக்கு மேல் வழிவழியாக நடத்தியிருக்கிறார்கள். அப்பா அங்கே ஒரு களிம்பு வாங்கினார். நம் தெருமுனைக் கடையில் கிடைக்கும் அதே ரகம்தான். ஆனால் "அறுநூறு வருடக் கடை" என்று சொல்லிச் சொல்லித் தடவிக்கொள்கிறார். வலி பாதி குறைந்துவிட்டதாம்!

நான் சொல்ல வந்தது வேறு. பிக் தெருவில் 26ஆம் எண் வீட்டுக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பச்சை வண்ணம், பலகை நிறையச் செதுக்குவேலை, அதில் சிவப்பும் பொன்னும். மேலே ஒரு கறுப்பு மனிதரின் தலை, புனித மொரீஷியஸாம். அவரைக் காவலராகக் கொண்டதால் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கறுந்தலையர் சங்கம் என்று பெயர். யார் தெரியுமா அவர்கள்? கல்யாணமாகாத வணிகர்கள். வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியான ஹன்சாவின் வணிகம் கொழித்த காலத்தில், உப்பையும் துணியையும் இறக்கி, ரஷ்யாவின் மெழுகையும் தோலையும் ஏற்றி அனுப்பிய இளைஞர்கள். கல்யாணம் ஆனால் அதே தெருவில் 17ஆம் எண்ணில் இருந்த பெரிய வணிகர் சங்கத்துக்கு மாறிவிடலாமாம். 1410இல் கட்டிய மண்டபம் அது. கதவில் வெண்கலச் சிங்கமுகம் இருக்கிறது. 26இலிருந்து 17க்கு நானே மூச்சு வாங்காமல் நடந்துவிட்டேன். சிலருக்கு ஏன் இத்தனை வருடமாகிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அக்காதான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தக் கறுந்தலையர் சங்கம் தாலினில் 1940இல் சோவியத் ஆட்சி வரும்வரை நீடித்ததாம். அதை நீ முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்.

பிறகு புனித நிக்கோலஸ் ஆலயம். 1524இல் ஒரு கூட்டம் ஊரிலிருந்த ஆலயங்களைச் சூறையாடியபோது, இதன் பூட்டுகளில் மட்டும் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டார்கள். உள்ளே யாராலும் நுழைய முடியவில்லை. என்ன சமயோசிதம், பார்! அங்கே பெர்ன்ட் நோட்கே என்ற பழைய ஜெர்மானிய ஓவியர் வரைந்த ஓவியத்தின் ஒரு பகுதி இருக்கிறது. எலும்புக்கூடாய் வரும் மரணம் போப்பையும் பேரரசரையும் பேரரசியையும் ஆட்டத்துக்கு இழுக்கிறது. யாருக்கும் வர விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. ஓரத்தில் இன்னொரு மரணம் உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது. அப்பா அதன் முன் வெகுநேரம் நின்றார், உட்கார இடம் கேட்காமல்.

உனக்கு மார்சிபான் வாங்கி வைத்திருக்கிறேன்; பாதாம் இனிப்புதான், பிடிக்கும். சித்தி கேட்கிறாள் என்பதற்காக உன் ஜாதகத்தை உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன் செய்வாள். என்ன பதில் சொல்வது என்று அதற்குள் எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா