1946லேயே தெரிந்த விஷயமா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபோனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "லாண்டாவ் டேம்பிங் இயற்பியல்காரர்களுக்கு 1946லேயே தெரியும், அதை நிரூபிக்க ஏன் இத்தனை வருஷம்?" என்று யாரோ கேட்டார்களாம், உனக்கு மனசு விட்டுப்போச்சாம். பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாலான வாயுவில், எழும் மின் அலை துகள்கள் மோதாமலே தானாகத் தணிவதுதான் லாண்டாவ் டேம்பிங். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தினவன் என்ற முறையில் சொல்கிறேன். 1946ல் தெரிந்தது பாதிதான்.

விளாசோவ் 1938ல் எழுதிய சமன்பாட்டில் துகள்கள் மோதிக்கொள்வதே கிடையாது. எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் மின்புலத்தில் ஒவ்வொன்றும் நகர்கிறது, அவ்வளவுதான். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் சமன்பாடு மாறாது. அதிலிருந்து அலை தானாகத் தணியும் என்று லாண்டாவ் காட்டியபோது பலருக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. வகுப்பில் நான் மைதானத்தைக் காட்டித்தான் விளக்குவேன். ஒரே கோட்டில் நிற்கும் பிள்ளைகளை வட்டப் பாதையில் ஓடவிட்டால், ஆளுக்கொரு வேகம் என்பதால் கும்பல் கலைந்து பாதை முழுக்கப் பரவிவிடும். யாரும் யாரையும் இடிக்கவில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் திருப்பி அதே வேகத்தில் ஓடவிட்டால் மறுபடி அதே கோட்டில் கூடிவிடுவார்கள். கும்பல்தான் மறைந்தது, தகவல் மறையவில்லை.

1964ல் மால்ம்பர்க்கும் வார்ட்டனும் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள், கணக்கு பொருந்தியது. சரி, அப்புறம் என்ன மிச்சம்?

அலை என்ற தொந்தரவு சிறியது என்று சொல்லி லாண்டாவ் சமன்பாட்டில் ஓர் உறுப்பைத் தள்ளிவிட்டார். அதில் திசைவேகத்தைப் பொறுத்த வகைக்கெழு (திசைவேகம் மாற மாறத் துகள் பரவல் எவ்வளவு மாறுகிறது என்பது) இருக்கிறது, அதுவோ காலத்தோடு வளர்ந்துகொண்டே போகும். இன்று சிறியது நாளைக்கும் சிறியதாக இருக்குமா? 1960ல் பேக்கஸ் இதைத்தான் கேட்டார். அந்தப் பயம் வீணானதும் இல்லை. பிளாஸ்மாவுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் அடங்கும், இன்னொன்று கொடுத்தால் அதுவும் அடங்கும், பிறகு யாரும் தொடாமலே மூன்றாவது ஒன்று எழும். இந்த எதிரொலியை 1968ல் சோதனையிலேயே பார்த்துவிட்டார்கள். தள்ளிவிட்ட உறுப்பையும் சேர்த்த முழு (நேரியலற்ற) சமன்பாட்டில் ஒவ்வொரு அலையும் மற்றதைத் தூண்டி எதிரொலி கிளப்பலாம். எல்லாம் சேர்ந்து குவிந்தால் தணிவே கெட்டுப்போகும்.

மூஹோவும் வில்லானியும் 2011ல் வெளியிட்ட நிரூபணம் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம். வில்லானிக்கு 2010ல் ஹைதராபாத் மாநாட்டில் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு அதில் பிடித்த இடம் ஒன்றே ஒன்று: எதிரொலி உடனே வருவதில்லை, தாமதமாகத்தான் வருகிறது, அந்தத் தாமதம்தான் காப்பாற்றுகிறது. அதுவும் தொந்தரவு சிறியதாக, தொடக்க நிலை கூர்முனையோ திடீர்த் தாவலோ இல்லாமல் மிக மிக வழவழப்பாக இருந்தால் மட்டும். அந்த வழவழப்பு போதாவிட்டால் எதிரொலிகள் சங்கிலியாக வளர்ந்து கணக்கைக் கெடுக்க முடியும் என்று பிறகு பெட்ரோசியன் காட்டினாரே, அது நீ படித்ததுதான். லாண்டாவ் சொன்னது எங்கே நிற்கும், எங்கே விழும் என்று நிரூபணத்தால்தான் தெரிந்தது. அடுத்த தடவை யாராவது கேட்டால் இதைச் சொல்லு.

நீ ஆராய்ச்சிக்குப் பிடித்திருக்கும் விளாசோவ்-மாக்ஸ்வெல் சமன்பாடு, மின்புலத்தோடு காந்தப்புலத்தையும் சேர்த்தது, இன்னும் முரட்டு ஆசாமி. முப்பரிமாணத்தில், பெரிய தொடக்க நிலைக்கு, தீர்வு எப்போதும் உடையாமல் இருக்குமா என்பது இன்னும் திறந்தே கிடக்கிறது. துகள்களின் உந்தம் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை தீர்வு உடையாது என்று கிளாஸியும் ஸ்ட்ராஸும் 1986ல் போட்ட நிபந்தனையை நீ எப்படிப் பயன்படுத்துகிறாய் என்று எழுதி அனுப்பு. கையால் எழுதினதை ஃபோட்டோ எடுத்தாலும் போதும். படிகளைத் தாண்டிப் போகாதே, அப்பாவுக்கு நிதானமாகப் படிக்கணும்.

அன்புடன்,
அப்பா