சோடாபுட்டி மக கல்யாணத்துக்கு என்ன கட்டிக்கறது

அடி குண்டுமணி,

நீ போட்ட மெசேஜ் வந்து அஞ்சு நாளாச்சு, கோவிச்சுக்காதடி. இங்க கரண்ட் முறை வெச்சுத்தான் வருது, வந்தா மோட்டார்ல தைச்சுத் தள்ளணும், போனா கால்ல மிதிக்கணும், முட்டி வேற போன வருஷத்துலேந்து கிர்ருனு சத்தம் போடுது, அதனால கரண்ட் இருக்கற நேரத்துல போனைக் கையில எடுத்தாலே ஏதோ திருடற மாதிரி இருக்கு. இப்ப ராத்திரி பதினோரு மணி, வராந்தாவுல சார்ஜ் லைட் வெச்சுக்கிட்டு உக்காந்து தட்டறேன். வாய்ஸ்ல அனுப்பலாம்னா வீட்டுக்காரரு தூங்கறாரு. அவருக்கு சுகர் கண்ட்ரோல்ல இருக்கு, வாய்தான் கண்ட்ரோல்ல இல்ல. சின்னவ ஜப்பான் பாஷை கிளாஸுக்குப் போறா, இங்க பாதிப் பசங்க இப்ப அதைத்தான் படிக்குதுங்க, எல்லாருக்கும் கிளம்பணும். நீ 89ல கிளம்பினப்ப நான் அழுதது ஞாபகம் வந்துச்சு, சொல்லல அவகிட்ட.

சரி விஷயத்துக்கு வர்றேன். நம்ம சோடாபுட்டி மக கல்யாணத்துக்குன்னு ரெண்டு புடவை போட்டோ அனுப்பி எது நல்லாருக்குன்னு கேட்டிருக்க, மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் ஒண்ணு, மயில் கழுத்துக் கலர் ஒண்ணு. ரெண்டுமே கண்ணைப் பறிக்குதுடி, ஜூம் பண்ணிப் பாத்தேன், கோர்வை அழகா போட்டிருக்கான். ஆனா ரெண்டும் வேணாம். பீரோவுலயே இருக்கட்டும்.

என்னடா இவ, முப்பத்தேழு வருஷம் கழிச்சு ரங்கூனுக்கு வர்றோம், பட்டு கட்டாதேங்கறாளேன்னு நினைப்ப. மெட்ராஸ் வெயில்ல கட்டறவளுக்கு ரங்கூன் வெயில் எம்மாத்திரம்னும் கேட்ப. உங்க ஊர்ல மத்தியானத்துக்கு மேல கடல் காத்துன்னு ஒண்ணு வருமில்ல, இங்க அது கிடையாது, மழை இறங்கற வரைக்கும் ஊரே இட்லிக் குண்டான் மாதிரி மூடிக் கிடக்கும், மழை மே மாசக் கடைசிலதான் பிடிக்கும். 2024 ஏப்ரல் 28ஆம் தேதி மகுவே பக்கம் சவுக்ங்கற ஊர்ல 48.2 டிகிரி அடிச்சுச்சு, அந்த சமயம் ரங்கூன்லயே 40ன்னாங்க, நான் அன்னிக்கு ஈரத் துணியை முதுகுல போட்டுக்கிட்டு தைச்சேன். கல்யாணம் மே முதல் வாரம். யாரைக் குத்தம் சொல்றது, நம்மாளுங்க ஆடியில வைக்க மாட்டாங்க, பர்மாக்காரங்க வாசோ பௌர்ணமிலேந்து தடிஞ்சு வரைக்கும், அதாவது ஜூலைலேந்து அக்டோபர் வரை, வாங்கற புத்த விரத காலத்துக்குள்ள கல்யாணமே பண்ண மாட்டாங்க, ரெண்டு பக்கமும் சேந்த கல்யாணம்னா ரெண்டு பேர் காலண்டரையும் தாண்டி வரணும், அதுல மாப்பிள்ளைக்கு லீவு வேற கிடைக்கணும், கடைசில எல்லாரும் வந்து விழறது இந்தக் கொதிக்கற மாசத்துல.

போன வருஷம் என் கதையைக் கேளு. ஒரு கல்யாணத்துக்கு, யார் வீடுன்னு வேணாம், நானும் உன்னை மாதிரிதான் ஆசைப்பட்டு அம்மா பட்டை எடுத்துக் கட்டினேன், கிளிப் பச்சை, அதுக்கு புதுசா மெரூன் ரவிக்கை. ஊருக்கெல்லாம் தைக்கறவ தனக்குத் தைக்கும்போது அவசரம், லைனிங்குக்கு கையில இருந்த வழுவழு பாலியெஸ்டரை வெச்சு முடிச்சுட்டேன், மெரூன் துணியை ஒரு வாட்டி தண்ணில நனைச்சுப் பாக்கவும் இல்ல. முகூர்த்தத்துல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் மைக்குக்கும் மணமேடை லைட்டுக்கும் மட்டும்தான், ஃபேன் இல்ல. அரை மணி நேரத்துல கக்கத்துலேந்து மெரூன் இறங்கி, பச்சை முந்தானையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. கையை ஒட்ட வெச்சுக்கிட்டே அட்சதை போட்டேன், யாரோ தோள்பட்டை வலியான்னு கேட்டாங்க. ஜரிகையில வேர்வை பட்ட இடம் ஒரு மாசத்துல கறுத்துப் போச்சு, அது இனிமே வராது. அம்மா இருந்திருந்தா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாங்க.

அதனால சொல்றேன், காலையில கோயிலுக்கு ஒரு செட்டிநாட்டுக் காட்டன் கொண்டு வா, நல்ல கட்டம் போட்டது, கெட்டிக் கலர். உடம்புல ஒட்டாது, நனைஞ்சா காஞ்சுடும். முகூர்த்தம் காளியம்மன் கோயில்ல ஆறு மணிக்கு, நீ போறப்ப இருந்த அதே பிரேசர் தெரு கோயில்தான், இப்ப அநோரதா ரோடுன்னு போர்டு இருக்கும், வாயில எல்லாருக்கும் இன்னும் பிரேசர்தான். ஏழரைக்குள்ள முடிஞ்சுடும், முடியாம போனா கல்தரை காலைச் சுடும், செருப்பு வெளிய. கீழ உக்காரணும், எந்திரிக்கணும், நீயும் நானும் அம்பத்தொண்ணு, ஒரு கிலோ பட்டோட எந்திரிச்சுப் பாரு. ரவிக்கைக்கு லைனிங் டூ பை டூ ரூபியாவே போடச் சொல்லு, கை முழங்கைக்கு ஒரு விரல் மேல நிக்கட்டும், கைக்குழியை மட்டும் கால் இஞ்ச் தளர்த்தச் சொல்லு, உன் டெய்லர் பிட்டிங் போயிடும்னு அழுவான், அவன் அழட்டும். அப்புறம் சென்ட் அடிக்கறதுன்னா கட்டறதுக்கு முன்னாடி கழுத்துல, துணி மேல இல்ல.

இதெல்லாம் கோயிலுக்கு. பத்து மணிக்கு ஓட்டல்ல மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் லெத்தாட். மறந்திருப்ப, ரெண்டு பேர் கையையும் சேத்து வெள்ளைத் துணியால சுத்தி வெள்ளிக் கிண்ணத்துல வெச்சு, சங்கு ஊதி வாழ்த்துவாங்களே அதான். முடிஞ்சதும் கேக்கு, ஐஸ்கிரீம், டீ, ஒண்ணரை மணி நேரத்துல மண்டபம் காலி. நம்மாளுங்க மாதிரி பந்திக்கு அடிச்சுக்கறதெல்லாம் கிடையாது. அங்கதான் நீ என்ன கட்டறங்கறது முக்கியம்னு நினைக்கறேன். சோடாபுட்டி போன வாரம் வந்து என் மெஷின் பக்கத்துல உக்காந்து அழுதா. சம்பந்தியம்மா நல்லவங்களாம், ஆனா நம்ம சைடுலேந்து போறவங்க எல்லாரும் பட்டும் நகையுமா ஒரு பக்கம், அவங்க எல்லாரும் தமெய்ன்ல, அதான் பர்மா பொம்பளைங்க கட்டற லுங்கில, ஒரு பக்கம், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி உக்காந்திருவாங்களோன்னு பயம். நிச்சயதார்த்தத்துல அப்படித்தான் ஆச்சு. அதுல நம்ம அத்தை ஒருத்தங்க எதிர்ப்பக்கம் பாத்து, கல்யாண வீட்டுக்கு வெறும் கழுத்தோட வந்திருக்காங்க பாருன்னு தமிழ்ல சொல்ல, சம்பந்தியம்மா ஊர் மௌல்மேன், பக்கத்து வீடெல்லாம் நம்மாளுங்கதான், தமிழ் நல்லாவே புரியும். சிரிச்சுக்கிட்டே டீயைக் குடிச்சாங்களாம். அதுலேந்து இவளுக்குத் தூக்கமில்ல.

அதனால நான் ஓட்டலுக்கு தமெய்ன்தான் போடப் போறேன், நீயும் போடு. நாம நாலு பேர் அந்தப் பக்கம் போய் உக்காந்தாலே போதும், கோடு தானா அழிஞ்சுடும். யோசிச்சுப் பாரு, வாரத்துல ஏழு நாளும் தமெய்ன் கட்டி மார்க்கெட் போறவங்க நாம, கல்யாணம்னு வந்தா மட்டும் அதை வேலைக்காரி துணி மாதிரி ஒளிச்சு வைக்கறோம். எங்கம்மாவும் அப்படித்தான், உங்கம்மா ஒருத்தங்கதான் தைரியமா கட்டுவாங்க.

உன் வீட்டுக்காரர் என்ன லுங்கி கட்டிட்டு கல்யாணத்துக்கான்னு சண்டைக்கு வருவாரு, தெரியும். அங்க லுங்கி வீட்டுக்குள்ள, இங்க அதைக் கட்டித்தான் காலேஜுல பாடமே நடத்தறாங்க. காலர் இல்லாத வெள்ளைச் சட்டை ஒண்ணு மட்டும் கொண்டு வரச் சொல்லு, ஆம்பளைங்க கட்டற பட்டு லுங்கி, அதான் பசோ, மேல போடற தைப்போன் கோட்டு ரெண்டும் எங்க அண்ணன் தருவாரு. முடிச்சு முன்னாடி போடணும், அவுந்துடுமோன்னு பயந்தா உள்ள பெல்ட் போட்டுக்கட்டும், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

கலர் விஷயம் ஒண்ணு சொல்லிடறேன், கருப்பு வேணாம்னு உனக்கே தெரியும். நீ கடையில பாத்து ஆசைப்பட்டு பழுப்பு தமெய்ன் வெள்ளை மேல்சட்டைன்னு எடுத்துடாதே, அது உபோசத விரத நாள்ல பயாவுக்கும், அதான் புத்தர் கோயிலுக்கும், தியானத்துக்கும் போறவங்க போடறது, எல்லாரும் உனக்கு வழி விட்டு நிப்பாங்க. தோள்ல போட மெல்லிசா ஒரு பவா சால்வை நான் தர்றேன். காலுக்கு வெல்வெட் ஃபனா செருப்பு, மண்டலேயிலேந்து வர்றது, சூரத்தி பஜார்ல எடுத்துக்கலாம். தங்கம் கம்மியா போடு. தலைக்குப் பூ இங்கயே கிடைக்கும், மல்லியை டிராபிக் சிக்னல்ல வித்துக்கிட்டே இருப்பாங்க.

இப்ப நான் அஞ்சு நாளா பதில் போடாததுக்கு நிஜக் காரணம் சொல்றேன். தமெய்ன் நீ வாங்க வேணாம். நீங்க கிளம்பற அன்னிக்கு உங்கம்மா ஒரு பேப்பர்ல சுத்தி எங்கம்மா கையில ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்க, அங்க போய் இதைக் கட்டிக்கிட்டு எங்க போறது, நீயே கட்டுன்னாங்க. எங்கம்மா கட்டவே இல்ல. அடுத்தவங்க பொருள், வந்து கேப்பாங்கன்னு சொல்லிச் சொல்லியே டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தாங்க, வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி எடுத்து நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி வைப்பாங்க. அவங்க போனப்பறம் நான் அதை மறந்தே போயிட்டேன், மடிப்பு மாத்தல. உன் மெசேஜ் பாத்த அன்னிக்கு ராத்திரி எடுத்தேன்.

லுன்தயா அச்செய்க் பட்டு. வெங்காயத் தோல் கலர், அதுல அலை அலையா ஒரு பச்சை, ஒரு வெள்ளி, ஓரத்துல கொடி. தறியில ஓடற நூறு ஓடம்னு அர்த்தம் அந்தப் பேருக்கு, ஒவ்வொரு கலர் நூலுக்கும் தனித்தனி ஓடம், ஒரு தறியில ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கை மாத்தி மாத்தி நெய்யணும். மண்டலே பக்கத்து அமரபுரா வேலை. அந்தப் பக்கம்தான் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல நொறுங்கிப் போச்சு, நீ டிவில பாத்திருப்ப, பழைய ஆவா பாலம் ஆத்துல விழுந்து கிடந்ததை. எனக்குத் துணி அனுப்பற அக்கா வீட்டுல தறி போட்ட கொட்டாய் இறங்கிடுச்சு, இப்ப மூங்கில் பந்தல்ல நெய்யறாங்க. சரி அது வேற.

தமெய்னைப் பிரிச்சா மடிப்பு விழுந்த ரெண்டு இடத்துல பட்டு தானாவே விட்டிருக்கு, ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு அதைவிடச் சின்னது. தொட்டா இன்னும் போகும்போல இருந்துச்சு. நாலு நாள் அதுல ஊசி வைக்காம எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தேன். நேத்துதான் தைரியம் வந்துச்சு, கிழிஞ்ச இடத்துக்கு அடியில அதே கலர் மெல்லிசுப் பட்டு வெச்சு, ஒத்தை இழை எடுத்து கையாலயே தைச்சேன், மெஷின் ஆகாது. ரெண்டும் ஒரே பக்கம்தான் இருக்கு, அந்தப் பக்கத்தை உள்ள விட்டு வலதுலேந்து இடதுக்கு மடிச்சுச் சொருகினா வெளிய ஒண்ணுமே தெரியாது. உங்கம்மா குள்ளம், நீ கொக்கு மாதிரி வளந்துட்ட, நீளம் பத்தாது, அதுக்கு இடுப்புல இருக்கற கருப்புப் பட்டையைப் பிரிச்சு இன்னும் ஆறு இஞ்ச் அகலமா வெச்சுடறேன், மேல போடற சட்டை, அதான் எய்ஞ்சி, மறைச்சுக்கும். எய்ஞ்சிக்கு யின்போன் மாடல் வெக்கட்டுமா, பக்கவாட்டுல பட்டன் வர்றது? உங்கம்மா அதான் போடுவாங்க. வயிறு இடிக்கும்னா முன்னாடி பட்டன் வர்ற யின்ஸியே போடறேன்.

வேணாம், அம்மா துணியைக் கட்டினா அழுதுருவேன்னா அதையும் சொல்லிடு, என்கிட்ட நல்ல வாயில் துணி தமெய்ன் இருக்கு. கட்டினியானா தொவைச்சு ஆம்பளைங்க நடக்கற வழியில கொடி கட்டிக் காயப் போடாதே, அதுக்கு அடியில ஆம்பளைங்க போனா ஆகாதும்பாங்க, உனக்கு மறந்திருக்கும், எங்க மாடிக்காரம்மாவுக்கு மறக்காது.

அளவு ரெண்டு நாள்ல அனுப்பு. ஏப்ரல் 13ஆம் தேதி திஞ்ஜான், அதான் தண்ணித் திருவிழா, ஆரம்பிச்சா சூரத்தி பஜார் ஒரு வாரம் பத்து நாள் பூட்டிக் கிடக்கும், நம்ம வருஷப்பிறப்பும் அதுக்குள்ள வந்துடும், எனக்கு பட்டன்கூடக் கிடைக்காது. கழுத்துச் சுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், தோள்லேந்து இடுப்பெலும்பு வரைக்கும் நீளம். பழைய சுடிதார் அளவை எழுதி அனுப்பாதே, பக்கத்துல யாரையாவது நிக்க வெச்சு டேப் பிடிச்சு எடு, மூச்சை இழுத்துக்காதே. வரும்போது ரூபியா லைனிங் வெள்ளையில அஞ்சு மீட்டர், பித்தளை ஊக்கு நாலு டப்பா, அப்பளம் கொஞ்சம். புடவை ஃபால் இருந்தா ரெண்டு டஜன்.

எய்ஞ்சித் துணியை மேசை மேல விரிச்சு வெச்சிருக்கேன், இன்னும் வெட்டல. கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் போடணும்.

உன்
ஊசி