எங்கள் வீட்டுக் கதைகளைப் பாடத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸை வாசிக்கும் குழு மேடை ஏறினால் பழைய பாட்டுகளைத்தான் கேட்பார்கள். நாங்களும் அவற்றை ஆசையோடுதான் வாசித்து வந்தோம். இந்த ஆல்பத்தில் மட்டும் எல்லாமே எங்கள் சொந்த வீட்டுக் கதைகள்.

முதல் நன்றி எங்கள் மாண்டலின்காரரின் அம்மாவுக்கு. அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, கரித்தூள் நுரையீரலில் படிந்து, மூச்சுக்குத் தவித்தே மறைந்தவர் அவர் கணவர். மகன் எழுதிய பாட்டை அந்த அம்மாவுக்குத்தான் முதலில் பாடிக்காட்டினோம். "நல்லவராவே எழுதியிருக்கீங்க. அவருக்குக் கோபமும் வரும், அதையும் சேருங்க" என்றார். படுத்தால் இருமல் வரும் என்று கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிய இரவுகளையும் சொன்னார். இரண்டும் மூன்றாம் சரணத்தில் இருக்கின்றன. அம்மா, அந்தப் பாட்டில் பாதி உங்களுடையது. எழுதியவர் பெயர் வரும் இடத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது.

ஒலிப்பதிவாளரே, ஆளுக்கொரு அறை, காதில் ஹெட்ஃபோன் என்று பிரிக்காமல் ஐந்து பேரையும் ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்தினீர்கள். தனி வாசிப்பவர் முன்னே வர, மற்றவர்கள் விலகி வழிவிடும் பழைய வானொலிக் கால முறை அது. ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்; பிறகு ஒட்டுப்போட வழியில்லை. நீங்கள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. குரல் தழுதழுத்த இடத்தை மறுபடி பாடுகிறேன் என்றபோது, வேண்டாம் என்று தடுத்தவரும் நீங்கள்தான். அந்த ஒரு முடிவுக்காகவே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைச் சொல்லித்தந்த ஆசிரியருக்கு: இவ்வளவு சொந்த விஷயத்தைப் பாடலாமா என்று தயங்கியபோது பில் மன்றோவை நினைவூட்டினீர்கள். 16 வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டவர், ஃபிடில் (வயலின்) வாசித்த தாய்மாமன் பென். அந்த மாமனைப் பற்றிய பாட்டை மன்றோ 1950இல் பதிவுசெய்தார். இந்த இசைக்குப் பெயர் தந்த குழுவின் தலைவரே தன் வீட்டு மனிதரைப் பாடியிருக்கிறார் என்றபின் எங்கள் தயக்கம் போய்விட்டது.

ஒத்திகை இரவுகளில் சோறு போட்ட எங்கள் வீட்டார், ஃபிடிலைச் செப்பனிட்டுக் காசு வாங்க மறுத்த கடைக்காரர் எல்லாருக்கும் நன்றி.

ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல் முன்பணம் கட்டியவர்களே, ஸ்டூடியோ வாடகையைக் கொடுத்தது நீங்கள்தான். இசைத்தட்டுகளைத் தபாலில் சேர்த்துவிட்டோம். அட்டையின் உள்பக்கத்தில் உங்கள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது, பாருங்கள்.

மிக்க அன்புடன்,
குழுவினர் ஐவரும்