கையெழுத்துக்கு முன் ஒரு காகிதம்

ஹூஸ்டன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. தங்கச்சி மகளுக்கு நிச்சயம் ஆனதில் எங்களுக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது.

உன் மகன் அருண் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே டெக்சாஸில், ஆஸ்டினில் ஒரு ஃப்ரட்டர்னிட்டி, அதாவது ஆண் மாணவர் சங்கம், அவனுக்கு 'பிட்' கொடுத்திருக்கிறது, 1,300 டாலர் கேட்கிறான், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அனுப்பலாம். ஆனால் என்னென்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகு அனுப்பு. பிட் என்பது வெறும் அழைப்புதான். அதில் கையெழுத்துப் போடும்வரை அவனுக்கு எந்தக் கடமையும் கிடையாது.

இதை நம்மூர்க் கல்லூரி மன்றம் மாதிரி நினைத்துவிடாதே. 1825-இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா சங்கம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த மரபு இது. பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கும், உறுப்பினர் உரிமை ஆயுள் முழுக்க. ஒவ்வொரு கல்லூரியிலும் இருப்பது ஒரு கிளை, 'சாப்டர்' என்பார்கள். நாடு முழுவதற்கும் மேலே ஒரு தலைமையகம் உண்டு. இந்த இரண்டு அடுக்கும் தெரிந்தால்தான் கட்டணக் கணக்கு புரியும், ஏனென்றால் இரண்டுமே பணம் வாங்கும்.

தலைமையகத்துக்குப் போவது ஒரே முறை கட்டும் சேர்க்கைக் கட்டணம், பிறகு ஆண்டுதோறும் ஒரு தொகை, விபத்து வழக்குக்கான காப்பீடு. சாப்டருக்குப் போவது 'ட்யூஸ்' என்ற செமஸ்டர் சந்தா. உதாரணத்துக்கு ட்யூஸ் 800, சேர்க்கை 350, காப்பீடு 150 என்று வைத்துக்கொள்; அருண் சொன்ன 1,300 வந்துவிடும். காகிதத்தில் ஏறாத செலவுதான் பிள்ளைகளைத் திணறடிக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டி-ஷர்ட், 25 டாலர். செமஸ்டருக்குப் பத்து வந்தால் 250. 'ஃபார்மல்' என்ற பெரிய விருந்துக்கு வாடகைக் கோட்டு, ஓட்டல் அறையில் பங்கு எல்லாம் சேர்த்து 250. அண்ணன் தம்பி முறை வைக்கும் 'பிக் லிட்டில்' சடங்குக்குப் பரிசு 100. ஆக இன்னொரு 600. சொன்ன தொகையோடு பாதியைக் கூட்டி வைத்துக்கொள் என்பது என் கணக்கு. தர்ம நிதி திரட்டும்போது ஆளுக்கு இத்தனை டிக்கெட் விற்க வேண்டும் என்று விதி இருக்கும். விற்காவிட்டால் கைக்காசு போடவேண்டும். வாரக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் அபராதம். இந்த இரண்டையும் தனியாகக் கேட்கச் சொல்.

கேட்க வேண்டிய ஆள் பொருளாளர். 'ரஷ்' என்ற ஆள் சேர்ப்பு நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களின் வேலை ஆள் பிடிப்பது, அவர்கள் தோராயமாகத்தான் சொல்வார்கள். மூன்று விஷயம் எழுத்தில் வரவேண்டும்: முதல் செமஸ்டருக்கு மொத்தம் எவ்வளவு, அடுத்த செமஸ்டரிலிருந்து எவ்வளவு, நடுவில் விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பி வரும். தவணை வசதி அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். கட்டாமல் விட்டால் பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போகும். கடன் வரலாற்றை இப்போதுதான் தொடங்கியிருக்கும் பையனுக்கு அந்தக் கறை பல வருஷம் நிற்கும்.

சங்க வீட்டில் தங்குவது இதிலெல்லாம் சேராது. பெரும்பாலும் அந்த வீடு பழைய உறுப்பினர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் சொத்து. வாடகை ஒப்பந்தமும் தனி. இரண்டாம் ஆண்டில் வீட்டில் தங்கியே ஆகவேண்டும் என்று சில சாப்டர்களில் கட்டாயம். அறை காலியாக இருந்தால் இழப்பை மற்றவர்கள் தலையில் பிரித்துப் போடுவதும் உண்டு. பெற்றோர் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், ஒன்பது மாதமா பன்னிரண்டு மாதமா என்று பார்க்காமல் போடாதே.

பழக்க வழக்கம் பற்றிக் கேட்டிருந்தாய். உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு கருநீல பிளேசர், இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு காக்கி பேன்ட், ஒரு டை, பழுப்பு ஷூ. ரஷ் முதல் ஃபார்மல்வரை இதிலேயே ஓட்டலாம். பிளேசர் பழைய துணிக்கடையிலேயே நல்லதாகக் கிடைக்கும். சேர்க்கைச் சடங்குக்கு மட்டும் கருப்பு சூட் கேட்கலாம், அதை இரவல் வாங்கிக்கொள்ளட்டும். சடங்கு முடியும்வரை அவன் 'ப்ளெட்ஜ்', புது ஆள். நிறுவனர்கள் பெயர், சங்கத்தின் வரலாறு, கிரேக்க எழுத்து வரிசை எல்லாம் மனப்பாடம் செய்யவேண்டும். அதுவரை சங்க எழுத்துப் போட்ட சட்டை அணியக் கூடாது என்பது பொதுவான வழக்கம். சடங்கையும் கைகுலுக்கும் முறையையும் வெளியே சொல்லமாட்டார்கள், அதில் தப்பில்லை. சில சங்கங்களின் உறுதிமொழி பைபிளைத் தொட்டு வரும். அது உங்களுக்கு முக்கியம் என்றால் முன்கூட்டியே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சடங்கு ரகசியமாக இருக்கலாம். பணமும், ப்ளெட்ஜ் ஆன வாரங்களில் பையனை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதும் ரகசியமாக இருக்கக் கூடாது. 'வீட்டில் சொல்லாதே' என்று எப்போது சொல்கிறார்களோ அப்போதே வெளியே வந்துவிட வேண்டும். ராகிங்கைத் தடுக்க நம் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் போட்டது. இங்கே அதற்குப் பெயர் ஹேஸிங். நம்மூரில் புதிதாக வந்த எவன் வேண்டுமானாலும் மாட்டுவான். இங்கே சேர ஆசைப்பட்டவன் தானே போய் மாட்டுகிறான். அதனாலேயே, 'அவன் சம்மதித்துத்தான் செய்தான்' என்ற வாதம் டெக்சாஸ் சட்டத்தில் செல்லாது. நேரில் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதுகூட அந்தச் சட்டத்தில் குற்றம்.

இரண்டு இரவுகள் ஆபத்தானவை: பிட் ஏற்கும் இரவும் பிக் லிட்டில் இரவும். 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த சாவு முதல் வகை, 2021-இல் ஒஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இரண்டாவது. இரண்டிலும் தொடக்கம், குறைந்த நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிக்க வைத்ததுதான். மயங்கியவனைத் 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று படுக்க வைப்பதுதான் இந்த இரவுகளில் உயிரை வாங்கும் தவறு. தூங்கும்போதும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பியும் எழாதவனுக்கு உடனே அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும். வயது 21 ஆகாதவன் முதலில் அழைத்து உதவினால், அவன் குடித்ததற்காக வழக்கு வராதபடி டெக்சாஸில் 2011 முதல் பாதுகாப்பு இருக்கிறது. இதை அருணிடம் வாய்விட்டுச் சொல், தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதே.

அவன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பதால் இன்னும் இரண்டு எச்சரிக்கை. ப்ளெட்ஜ் வாரங்கள் பெரும்பாலும் இடைத் தேர்வு நேரத்திலேயே வந்து விழும். தூக்கம் கெட்டு, ஒரு பாடத்தை விட்டுவிடத் தோன்றும். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் செமஸ்டருக்கு 12 கிரெடிட், அதாவது பாடப் புள்ளிகளுக்குக் கீழே போனால் விசா நிலையே போய்விடும். இன்னொன்று கார். ராத்திரி குடித்த அண்ணன்மாரை ஏற்றி இறக்கும் வேலையைப் புது ஆட்கள் தலையில் கட்டுவது வழக்கம். அவன் கார் என்றால் மோதலுக்கு முதலில் பொறுப்பு அவன் காப்பீடு. அவனே ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், தீர்ப்பு வரும்முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு.

எந்தச் சங்கம் என்று நீ எழுதவில்லை. தெற்காசிய மாணவர்களுக்கென்று தொடங்கியவையும் இருக்கின்றன. டெல்டா எப்சிலான் சை 1998-இல் அதே ஆஸ்டினில் பிறந்தது. இந்த வகைச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, அதனால் செலவு குறைவு. நம்ம பையன்கள் நடத்துகிறார்கள் என்பதால் ஹேஸிங் இருக்காது என்று நம்பிவிடாதே. எந்தப் பெயரானாலும் பல்கலைக்கழகம் வெளியிடும் ஹேஸிங் பட்டியலில் தேடச் சொல். 2019-இல் வந்த டெக்சாஸ் சட்டப்படி அதை வெளியிட்டே ஆகவேண்டும். பட்டியலில் இல்லை என்று மகிழும்முன், பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் அந்தச் சங்கத்துக்கு இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அங்கீகாரம் இழந்த பிறகும் தனியாக ஆள் சேர்க்கிறவர்கள் உண்டு. தட்டிக் கேட்க மேலே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒன்றில் சேர்க்கை முடிந்தால் இதே வகையில் வேறொன்றில் சேர முடியாது. பிடிக்கவில்லை என்றால் சடங்குக்கு முன்பே விலகிவிட வேண்டும். விலகுவதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று அவனிடம் நீதான் சொல்லவேண்டும். அப்பா கட்டிய பணம் வீணாகுமே என்றுதான் பல பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

பிட்டுக்குக் கெடு எந்தத் தேதி என்று முதலில் கேள். பொருளாளர் கொடுக்கும் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல், வரி வரியாகப் பார்த்து அன்றைக்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். சொட்டு மருந்து நேரம் தவற விடாதே.

அன்புடன்,
சந்திரன்