அப்பாவைக் கூட்டி வரச் சொல்வதற்கு முன்

ஆசிரியருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுக்கும் வாரத்தில் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பல பள்ளிகளில் ஒரே உத்தரவுதான்: “நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா.” அப்பா சிங்கப்பூரிலோ கத்தாரிலோ இருப்பார், வருவது அப்பத்தா. “பேரன் ரொம்பச் சேட்டை, படிக்கவே மாட்டேங்கிறான்” என்று அவரிடம் சொல்லி அனுப்புவார்கள். எந்தப் பாடவேளையில், எதற்குப் பிறகு என்று அவர் கேட்டால் பதில் இருக்காது. எழுதி வைத்திருந்தால்தானே சொல்ல முடியும்?

எழுதி வையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு நான்கு கட்டம்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, அதன்பின் ஆசிரியரும் மற்ற பிள்ளைகளும் செய்தது. பத்துப் பள்ளி நாட்கள் எழுத வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ‘திமிராக நடந்தான்’ என்று எழுதினால் பயனில்லை. ‘புத்தகத்தைத் தரையில் போட்டான்’ என்று கண்டதை எழுத வேண்டும். பெரும்பாலும் வெறுமையாக விடப்படுவது நான்காம் கட்டம். விஷயமே அங்குதான் இருக்கிறது. வாசிக்கும் முறை தன் பெஞ்சை நெருங்கும்போதெல்லாம் ஒருவன் பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான், உடனே வெளியே நிறுத்தப்படுகிறான் என்றால், வாசிக்காமல் தப்பிக்க அவனுக்கு வழி கிடைத்துவிட்டது. நாளைக்கும் கிள்ளுவான்.

அப்படித் தெரிந்தால், மற்றவர் முன் வேண்டாம், தனியே உட்காரவைத்து இரண்டு வகுப்பு கீழேயுள்ள புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். புள்ளியைக் கவனிக்காமல் ‘பக்கம்’ என்பதைப் ‘பககம’ என்கிறானா? துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொள்கிறானா? ‘கொ’ வரும் இடத்தில் முன்னால் நிற்கும் கொம்பை மட்டும் பார்த்துக் ‘கெ’ என்கிறானா? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ல, ள, ழ குழப்பம் நம் பேச்சிலேயே உண்டு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. முதலில் கண், காது சோதனை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமே காட்டலாம். அதில் குறையில்லை என்றால் நோட்டோடு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவை எளிதில் பிடிபடாத நிலை) ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். எட்டு வயதிலேயே தொடங்கக்கூடிய இந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்தபின் ஓடுகிறவர்களே அதிகம்.

வகுப்பு சிரிப்பதற்காகச் செய்கிறான் என்று நோட்டு காட்டினால் வழி வேறு. சிறு குறும்பைக் காணாததுபோல் விட்டுவிட்டு, ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். முதல் சில நாட்கள் குறும்பு கூடும். கூடியதும் பொறுமையிழந்து கத்திவிட்டால், இன்னும் பலமாகச் செய்தால்தான் கவனிப்பார்கள் என்று அவனே கற்றுக்கொள்வான். இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடியாதென்றால் தொடங்காமல் இருப்பதே மேல். அடிதடியை மட்டும் எக்காரணம் கொண்டும் காணாததுபோல் விடக் கூடாது. பதிலுக்குப் பிரம்பை எடுப்பதற்கும் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009 அதைத் தடுக்கிறது.

முதல் பாடவேளையில் மட்டும் எரிச்சலும் தூக்கமும் என்றால் வீட்டில் படுக்கும் நேரத்தைக் கேளுங்கள். கத்தாரில் அப்பா வேலை முடிந்து இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 10.30. பேசிவிட்டுப் படுக்கப் பதினொன்றாகிவிடும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். வேலை நாட்களில் அப்பா குரல் பதிவு அனுப்பட்டும், பிள்ளை காலையில் கேட்கட்டும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. இங்கே மாலை 7 மணிக்கே ஆற அமரப் பேசலாம். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முற்பகலில் சோர்ந்தால் காலையில் சாப்பிட்டார்களா என்றும் விசாரியுங்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று. நோட்டு போடுவதெல்லாம் சேட்டைக்காரப் பையன்களுக்குத்தான். சத்தமே போடாமல் கடைசி பெஞ்சில் இருந்து, வாரம் ஒரு நாள் வயிற்றுவலி என்று வராமல் போகும் பெண்பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டி, விடுப்பு எந்தக் கிழமையில், எந்தத் தேர்வையொட்டி விழுகிறது என்று பாருங்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தழும்பு தெரிந்தாலோ, ‘நான் இல்லாமப் போனா நல்லது’ என்று பேசினாலோ, எழுதினாலோ பத்து நாள் காத்திருக்கக் கூடாது. தனியே அழைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பிள்ளையைத் தனியாக விடாமல், வீட்டாருக்குத் தகவல் சொல்லி, அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் ஆலோசனை கேட்கலாம். வீட்டிலேயே ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் ஆசிரியர் அறையிலும், பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் எழுதிப் போடத் தலைமையாசிரியர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்விப் பணியிலுள்ள ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.